சூரியனின் காந்தப் புலமும் கொடைக்கானலின் கண்ணாடித் தகடுகளும்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி மாணவர்களையும் அலுவலர்களையும் நோக்கி அமைந்த உரையின் எழுத்து வடிவம்)



பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு ஆனைமலைத் தொடர் சுவர்போலத் தென்படும். அத்தொடர் தெற்கே நீண்டு இடுக்கி மாவட்டத்தின் உயர்நிலங்களை அடையும் இடத்தில், கிழக்கு நோக்கி ஒரு கிளை பிரிகிறது. அதுவே பழனி மலை. தேவிகுளம் வட்டத்திலுள்ள வட்டவடையைக் கடந்தால் தமிழ்நாட்டின் எல்லைச் சிற்றூராகிய கிளாவரை. அங்கிருந்து கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை ஆகிய ஊர்களின் வழியே செல்லும் மலைப்பாதை கொடைக்கானலை அடைகிறது. அவ்வூரில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,343 மீட்டர் உயரத்தில், ஒரு வானாய்வுக்கூடம் இருக்கிறது. கொதிநிலையிலுள்ள வாயு, காந்தப் புலத்தில் சிக்குண்டு கிடக்கும்போது எத்தகைய ஒளியை உமிழ்கிறது என்னும் வினாவுக்கு இந்தியாவில் மிக நீண்ட காலம் விடை தேடிய இடம் அது. சிற்றூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழில் பயிலும் மாணவர்க்கு இது அண்டை வீட்டுச் செய்தி எனலாம். ஆயினும் கொடைக்கானல் செல்வோரிற் பலர் ஏரியையும் தூண் பாறைகளையும் கண்டு திரும்புகின்றனரேயன்றி, அக்கூடத்தில் நிகழ்ந்தவற்றை அறிந்து திரும்புவோர் சிலரே.

வாயு ஒன்றை மேலும் மேலும் சூடேற்றினால், ஒரு நிலையில் அதன் அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை இழக்கத் தொடங்கும். எலெக்ட்ரானை இழந்த அணு அயனி எனப்படும். தனித்துத் திரியும் எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த இந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். திண்மம், திரவம், வாயு என்னும் மூன்றையும் அடுத்து இதனை நான்காம் நிலை என்பர். இது எங்கோ தொலைவில் மட்டும் உள்ள பொருளன்று. துலாமழைக் காலத்துப் பிற்பகல்களில் இடுக்கி மலைகளின்மேல் வெட்டும் மின்னல் பிளாஸ்மாவே; வீட்டுக் குழல்விளக்கின் உள்ளே ஒளிர்வதும், இரும்பைப் பற்றவைக்கும் பட்டறையில் கண்ணைப் பறிப்பதும் அதுவே. சூரியன் முழுவதுமே பிளாஸ்மாவால் ஆன பெருங்கோளம்.

பிளாஸ்மா ஒளியை உமிழும் வழிகள் பல. விரைந்து செல்லும் எலெக்ட்ரான் ஓர் அயனியின் அருகே வந்து தன் பாதையிலிருந்து வளையும்போது ஒளி பிறக்கிறது. அயனி ஒன்று எலெக்ட்ரானை மீண்டும் பற்றிக்கொள்ளும்போதும் ஒளி பிறக்கிறது. அயனியோடு ஒட்டியிருக்கும் எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் படியிலிருந்து தாழ்ந்த படிக்கு இறங்கும்போது, அந்தத் தனிமத்திற்கே உரிய அலைநீளத்தில் ஒளிக்கோடு தோன்றுகிறது. கைரேகை ஆளைக் காட்டிக் கொடுப்பதுபோல் அக்கோடு தனிமத்தைக் காட்டிக் கொடுக்கும். இவற்றோடு காந்தப் புலமும் சேர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. எலெக்ட்ரான்கள் நேராகச் செல்ல இயலாமல் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருள்வில்போல் சுழன்று செல்கின்றன. அச்சுழற்சியும் தனியொரு கதிர்வீச்சைத் தருகிறது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. காந்தப் புலத்தினுள் பிறக்கும் ஒளிக்கோடு பிளவுபடுகிறது. 1896-ஆம் ஆண்டில் டச்சு விஞ்ஞானி பீட்டர் சீமான் இதனை ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தார். புலம் வலுக்க வலுக்கப் பிளவும் அகலும். ஆகவே, பிளவின் அகலத்தை அளந்தால் ஒளி பிறந்த இடத்துப் புலத்தின் வலிமை தெரிந்துவிடும். தொட முடியாத தொலைவிலுள்ள ஒரு பொருளின் காந்தத்தன்மையை அதன் ஒளியைக் கொண்டே அளக்கலாம் என்னும் வாய்ப்பு அன்று பிறந்தது.

அந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் எல்லெரி ஹேல். சூரியக் கரும்புள்ளிகளிலிருந்து வரும் ஒளிக்கோடுகள் பிளவுபட்டிருப்பதை அவர் 1908-இல் கண்டார். கரும்புள்ளியின் நடுவே காந்தப் புலம் 3,000 காஸ் அளவுக்கு வலுவாக இருக்கக்கூடும். பூமியின் மேற்பரப்பில், நம் பகுதியில், அது அரை காஸும் இல்லை. அடியிலிருந்து பொங்கி வரும் வெப்ப ஓட்டத்தை இவ்வலிய புலம் தடுத்து நிறுத்துவதால் அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் இரண்டாயிரம் பாகை குளிர்ந்து, ஒளி குன்றிக் கறுப்பாகத் தோன்றுகிறது. உண்மையில் அது கறுப்பன்று. சுற்றிலும் உள்ள பேரொளியின் எதிரே கறுத்துத் தெரிகிறது, அவ்வளவே.

பஞ்சத்தின் நிழலில் பிறந்த கூடம்

கொடைக்கானல் கூடம் தோன்றிய வரலாறு தூய விஞ்ஞான ஆர்வத்தில் தொடங்கியதன்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மழை ஏன் பொய்த்தது என்ற வினா அரசாங்கத்தையும் அறிஞர்களையும் அலைக்கழித்தது. சூரியக் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை ஜெர்மானியரான ஷ்வாபே 1843-இலேயே வெளியிட்டிருந்தார். பஞ்சங்களும் இவ்வேற்ற இறக்கத்தை ஒட்டியே வருகின்றன என்று நார்மன் லாக்கியர் போன்றோர் வாதிட்டனர். அவ்வாறாயின் சூரியனைத் தொடர்ந்து நோக்கி வந்தால் பருவமழையை முன்கூட்டியே அறியலாமன்றோ? இந்த நம்பிக்கையும் சேர்ந்தே தென்னிந்தியாவில் ஒரு சூரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவூட்டியது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் நிறுவப்பெற்ற வானாய்வுக்கூடம் அக்காலத்தில் முதுமை எய்தியிருந்தது. அதன் பொறுப்பிலிருந்த மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-இல் சென்னைக் கூடத்தின் பணிகள் மலைக்கு மாற்றப்பட்டன. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிய நோக்கு தொடங்கியது.

பருவமழையை முன்னறியும் நோக்கம் நிறைவேறியதா எனின், இல்லை என்றே கூறவேண்டும். கரும்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் ஆண்டின் மழையளவைக் கணிக்கும் நம்பகமான முறை எதுவும் உருவாகவில்லை. நம் மழையை ஆள்பவை கடல்களின் வெப்பமும் காற்றோட்டமும் ஆகிய வேறு பல காரணங்கள். எதிர்பார்த்த பயனைத் தராத திட்டம் என்று கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் 1910-இல் இக்கூடத்தை மூடச் சொல்லியிருந்தால் மறுமொழி கூறுவது எளிதாக இருந்திராது. நல்வேளையாக அவ்வாறு எவரும் செய்யவில்லை.

1907-இல் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர் உதவியாளராகக் கொடைக்கானல் வந்து சேர்ந்தார். கருவிகளைத் தம் கையாலேயே செப்பனிட்டு அமைக்க வல்லவர். அடுத்த ஆண்டில் ஹேலின் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. கரும்புள்ளியில் காந்தம் இருக்கிறதென்றால், மின்னேற்றம் கொண்ட வாயு அங்கே சுழிபோலச் சுழன்று கொண்டிருக்க வேண்டும் என்று பலரும் கருதினர். எவர்ஷெட்டும் அச்சுழியைத் தேடினார். அணுகி வரும் பொருளின் ஒளிக்கோடு நீலப்பக்கமும் விலகிச் செல்லும் பொருளின் ஒளிக்கோடு சிவப்புப்பக்கமும் சிறிது நகரும். ரயில் வண்டி ஊதிக்கொண்டு நம்மைக் கடந்து செல்லும்போது ஒலி மாறுவது போன்றதே இது. 1909 ஜனவரியில் எடுத்த நிறமாலைப் படங்களில் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால் சுழற்சிக்குரிய முறையில் அல்ல. கரும்புள்ளியைச் சூழ்ந்த மங்கலான விளிம்பில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி, சக்கரத்தின் ஆரங்கள்போல, வினாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. கிடைத்ததை அவர் உள்ளவாறே வெளியிட்டார். இன்றளவும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என வழங்குகிறது. சாய்ந்து கிடக்கும் காந்தக் கோடுகளின் வழியே பிளாஸ்மா ஓடுவதே இதன் காரணம் என்பது பின்னர்த் தெளிந்தது. நுட்பங்களை முழுமையாக விளக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அவருடைய துணைவியார் மேரி எவர்ஷெட்டும் அறிஞர். சூரிய விளிம்பில் தீச்சுடர்போல் எழும் வாயுத் திரள்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வேடு 1917-இல் வெளிவந்தது. குளிர்ந்த, அடர்ந்த பிளாஸ்மா எவ்வாறு சூரியப் பரப்புக்கு மேல் பல நாட்கள் விழாமல் தொங்குகிறது என்பது அன்று புதிர். காந்தப் புலமே அதனைத் தாங்கும் ஊஞ்சல் என்று இன்று அறிகிறோம்.

கால்சியத்தின் ஊதா ஒளி

இனிக் கூறப்போவது இக்கூடத்தின் தலையாய செல்வத்தைப் பற்றியது. 1904 முதல் கொடைக்கானலில், வானம் தெளிந்த நாட்களில் எல்லாம், சூரியனின் முழு வட்டமும் படமெடுக்கப்பட்டு வந்தது. சாதாரண வெள்ளொளிப் படம் ஒன்று. கால்சிய அயனி உமிழும் 3,934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள ஊதா ஒளியில் மட்டும் எடுத்த படம் மற்றொன்று. 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பொளிப் படமும் சேர்ந்தது.

ஒரே அலைநீளத்தில் சூரியனைப் படமெடுப்பது அக்காலத்தில் எளிய வேலையன்று. அதற்கான கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரோ ஹீலியோகிராஃப். சூரியப் பிம்பத்தின்மீது மயிரிழை போன்ற ஒரு பிளவை வைத்து ஒரு கீற்றை மட்டும் உள்ளே விடுவர். அக்கீற்று நிறமாலையாக விரியும். அந்நிறமாலையில் கால்சியக் கோடு விழும் இடத்தில் இரண்டாவது பிளவை வைத்து, பிற நிறங்களை எல்லாம் மறைத்துவிடுவர். பின் பிளவைப் பிம்பத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்குச் சீராக நகர்த்தினால், கீற்றுக் கீற்றாகச் சூரியன் முழுவதும் கண்ணாடித் தகட்டில் பதியும். பிம்பத்தின் விட்டம் 6 சென்டிமீட்டர். நகர்த்தும் வேகம் சிறிது பிசகினாலும் படத்தில் வரி விழுந்துவிடும். மூடுபனி கலையும் காலைப்பொழுதிலேயே வேலை முடிந்தாக வேண்டும். வெயில் ஏறினால் காற்று அதிர்ந்து பிம்பம் நடுங்கும்.

கால்சியத்தை ஏன் தேர்ந்தனர்? ஒளிமண்டலத்திற்குச் சற்று மேலேயுள்ள நிறமண்டலத்தில் கால்சிய அணுக்கள் பெரும்பாலும் ஓர் எலெக்ட்ரானை இழந்து அயனியாகவே இருக்கின்றன. எந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எத்தனை அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920-இல் நம் நாட்டின் மேக்நாத் சாஹா தந்தார். அதன் பிறகே சூரியனின் நிறமாலையைப் பொருளுணர்ந்து படிக்க முடிந்தது. கால்சிய ஒளிக்கு இன்னொரு குணமும் உண்டு. காந்தப் புலம் வலுவாக உள்ள இடங்களில் நிறமண்டலம் கூடுதலாகச் சூடேறுகிறது. அங்கே கால்சிய ஒளி பிரகாசமாகப் பொங்குகிறது. ஆகவே கால்சியப் படத்தில் வெளுத்துத் தெரியும் திட்டுகளும் வலைப்பின்னலும் காந்தப் புலத்தின் வரைபடமே. 1904-இல் அக்கருவியை இயக்கியவர்க்கு இது தெரியாது. கரும்புள்ளியில் காந்தம் உண்டு என்பதே அப்போது எவர்க்கும் தெரியாதே!

இதன் பயன் எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்தே முழுமையாக வெளிப்பட்டது. சூரியனின் முழுப் பரப்பிலும் காந்தப் புலத்தை நேராக அளக்கும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கத்திற்கு வந்தன. அதற்கு முந்திய காலத்துப் புலம் எப்படி இருந்தது? நேரான அளவீடு எங்கும் இல்லை. ஆனால் கால்சிய ஒளியின் படம் கொடைக்கானலில் இருக்கிறது. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பழைய தகடுகளில் சூரியனின் வட, தென் முனைகளின் அருகே தெரியும் நுண்ணிய ஒளித்திட்டுகளை எண்ணி, முனைகளின் காந்தப் புலம் நூறு ஆண்டுக் காலத்தில் எவ்வாறு ஏறி இறங்கியது என்பதைக் கணித்துள்ளனர். கரும்புள்ளிகள் மிகக் குறைந்திருக்கும் காலத்தில் முனைப்புலம் எவ்வளவு வலுவாக உள்ளதோ, அதை ஒட்டியே அடுத்த 11 ஆண்டுச் சுற்றின் வலிமை அமைகிறது. ஆதலால் இக்கணிப்பு வெறும் பழங்கணக்கன்று.

இத்தகைய தொடரைப் பேணுவது பெருஞ்செயல்போலத் தோன்றாது. இரண்டு உலகப் போர்களின்போதும், நாடு விடுதலை பெற்ற நாட்களிலும், இயக்குநர்கள் மாறியபோதும் காலையில் ஒருவர் கருவியைத் திறந்து படமெடுத்திருக்கிறார். தேதியும் நேரமும் குறித்திருக்கிறார். தகட்டை உறையிலிட்டு அடுக்கியிருக்கிறார். அவர்களிற் பெரும்பாலோர் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் முகிலைக் கவிக்கும் மாதங்களில் பல நாட்கள் வெறுமையாகக் கழிந்ததும் உண்மை. அந்த இடைவெளிகளை நிரப்ப மவுண்ட் வில்சன், பாரிஸ் அருகிலுள்ள மெதோன் ஆகிய இடங்களின் படங்கள் பயன்படுகின்றன. அவர்களின் இடைவெளிகளுக்குக் கொடைக்கானல் படங்கள் பயன்படுகின்றன.

கூடத்தின் பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகக் கூறலாம். ஏ. எல். நாராயண் அதன் முதல் இந்திய இயக்குநர். ஏ. கே. தாஸ் காலத்தில் திட்டமிடப்பட்டு, 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு காலத்தில் செயற்பட்ட சுரங்கத் தொலைநோக்கி குறிப்பிடத்தக்கது. கோபுர உச்சியிலுள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே இறக்க, 60 மீட்டர் நீளமுள்ள நிலவறையில் அது படுத்தவாறு பயணம் செய்து 34 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிம்பமாக விழுகிறது. அப்பிம்பத்தில் ஒரு கரும்புள்ளியைத் தேர்ந்து அதன் ஒளிக்கோடுகளை விரித்துக் காணலாம். 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாக உருப்பெற்று, கொடைக்கானல் அதன் அங்கமாயிற்று.

மகுடத்தின் புதிர்

சூரியனின் ஒளிமண்டலம் சுமார் 5,500 பாகை சென்டிகிரேட் வெப்பமுடையது. அதற்கும் மேலே, முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டும் வெண்முத்துப்போல் தெரியும் மகுடம் இருக்கிறது. 1871 டிசம்பர் 12-இல் நிகழ்ந்த முழுக் கிரகணத்தின் பாதை வட கேரளத்தையும் நீலகிரியையும் புதுக்கோட்டையையும் தழுவிச் சென்றது. பேக்கல் கோட்டையில் லாக்கியரும், நீலகிரியில் உள்ள சோலூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், புதுக்கோட்டையில் இத்தாலியரான ரெஸ்பிகியும் கருவிகளோடு காத்திருந்தனர். பேக்கலிலிருந்து புதுக்கோட்டை வரை அவர்கள் ஆராய்ந்தது மகுடத்தின் ஒளியையே.

அவ்வொளியில் 5,303 ஆங்ஸ்ட்ராமில் ஒரு பச்சைக் கோடு உண்டு. 1869-ஆம் ஆண்டுக் கிரகணத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அது, பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஆகவே ‘கொரோனியம்’ என்ற புதிய தனிமம் ஒன்றைக் கற்பனை செய்தனர். எழுபது ஆண்டுகள் இப்பெயர் நடமாடியது. முடிவில் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் குரோட்ரியானும் சுவீடனின் எட்லேனும் புதிரை அவிழ்த்தனர். அது புதிய தனிமம் அன்று. தன் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐ இழந்துவிட்ட இரும்பு! இரும்பு இவ்வளவு இழக்க வேண்டுமானால் வெப்பம் பத்து லட்சம் பாகையைத் தாண்ட வேண்டும். அடுப்பிலிருந்து விலக விலகச் சூடு குறைவதே நாம் கண்டது. இங்கோ விலகிச் சென்றால் வெப்பம் பலநூறு மடங்கு ஏறுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு சேர்ப்பது காந்தப் புலம் என்பதில் ஐயமில்லை. காந்தக் கோடுகளில் ஓடும் அலைகளாலா, கோடுகள் முறுகி அறுந்து மீண்டும் இணையும் சிறு வெடிப்புகளாலா என்பதில் கருத்து வேற்றுமை நீடிக்கிறது.

கிரகணம் வரும்வரை காத்திருக்க வேண்டாத நிலையை 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ செலுத்திய ஆதித்யா எல்-1 உண்டாக்கியது. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அதன் திட்ட இயக்குநர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்தை அது 2024 ஜனவரி 6-இல் அடைந்தது. அதிலுள்ள மகுடநோக்கியை இந்திய வான் இயற்பியல் நிறுவனமே வடிவமைத்தது. சூரிய வட்டத்தை மறைத்துவிட்டு மகுடத்தை மட்டும் காணும் அக்கருவி பயன்படுத்தும் ஒளிக்கோடுகளில் அதே பச்சைக் கோடும் ஒன்று.

இதனினும் கொதிப்பான பிளாஸ்மா

சூரியப் பிளாஸ்மாவில் துகள்களைப் பிணைப்பது மின்விசையும் காந்த விசையுமே. அவற்றினும் வலிய விசையால் பிணைந்த பிளாஸ்மா ஒன்றும் உண்டு. அணுக்கருவிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் குவார்க்குகள் என்னும் நுண்துகள்களால் ஆனவை. அவற்றை ஒட்டவைப்பவை குளுவான்கள். ஈயம், தங்கம் போன்ற கனத்த அணுக்கருக்களை ஒளிவேகத்தை நெருங்கும் வேகத்தில் மோதவிட்டால், புரோட்டான்களும் உருகி, குவார்க்குகளும் குளுவான்களும் கலந்த குழம்பு ஒரு கணம் தோன்றும். சூரியனின் நடுமையம் ஒன்றரைக் கோடி பாகை; இக்குழம்போ சில லட்சம் கோடி பாகை. இரு கருக்களும் நேருக்கு நேராக அன்றிச் சற்று விலகி மோதினால், மின்னேற்றம் கொண்ட அவை எதிரெதிராக விரைவது மின்னோட்டத்திற்கு ஒப்பாகி, ஒன்றன்பின் பதினெட்டுச் சுழிகள் இட்ட அளவிலான காஸ் வலிமையுள்ள காந்தப் புலம் நொடிப்பொழுதின் நுண்ணிய பின்னத்தில் தோன்றி மறைகிறது.

இக்குழம்பை அறிய ஒளியே சிறந்த தூதன் என்று எடுத்துரைத்தவர்களுள் கல்கத்தாவின் பிகாஷ் சின்ஹா ஒருவர். 2023-இல் மறைந்த அவர், இதுபற்றி 1980-களின் தொடக்கத்திலேயே எழுதியவர். காரணம் எளிது. சூரியனின் மையத்தில் பிறந்த ஒளி, துகள்களில் மோதி மோதிப் பல்லாயிரம் ஆண்டுகள் அலைந்த பிறகே மேற்பரப்பை அடைகிறது. பிறந்த இடத்தின் செய்தியை அதற்குள் மறந்துவிடும். குவார்க் குழம்பின் ஒளித்துகளோ வலிய விசைக்குக் கட்டுப்படாதது. குழம்பும் மிகச் சிறியது. ஆதலால் அது எதிலும் சிக்காமல் நேரே வெளியேறி, பிறந்த கணத்தின் வெப்பத்தைச் சொல்லிவிடும். இடர்ப்பாடும் உண்டு: மோதலில் பிறக்கும் பிற துகள்கள் சிதையும்போதும் ஏராளமான ஒளித்துகள்கள் வெளிப்படுகின்றன, அவற்றிலிருந்து குழம்பின் சொந்த ஒளியைப் பிரித்தெடுப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதை ஒக்கும். ஒளித்துகள்களை எண்ணும் கருவி ஒன்றைக் கல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் புவனேசுவரம், சண்டிகர், ஜெய்ப்பூர், ஜம்மு ஆகிய இடங்களின் ஆய்வாளர்களும் கூடி உருவாக்கினர். ஜெனிவாவின் செர்ன் கூடத்திலும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் கூடத்திலும் அது பணியாற்றியது.

கணக்கிட்டதைவிட மிகுதியான ஒளி வருவதும், அவ்வொளி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவாமல் ஒருபுறம் கூடி ஒருபுறம் குறைவதும் பின்னர் அளக்கப்பட்டன. காந்தப் புலம் இதற்கு ஒரு காரணமாகலாம் எனக் கோட்பாட்டாளர் பலர் கருதுகின்றனர். அப்புலம் குழம்பினுள் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பது முடிவாகாததால் விவாதமும் முடியவில்லை. கரும்புள்ளியின் ஒளிக்கோட்டில் ஹேல் தொடுத்த வினாவும் இதுவும் அடிப்படையில் ஒன்றே: ஒளியைப் பார்த்துப் புலத்தைச் சொல்ல முடியுமா?

மின்கம்பியும் செயற்கைக் கோளும்

இவையெல்லாம் அறிஞர்க்கு உரியவை, ஆட்சி அலுவலர்க்கு இதனால் ஆவதென்ன என்ற வினா எழலாம். 1859 செப்டம்பர் முதல் நாள் சூரியனில் ஒரு வெடிப்பை ஆங்கிலேயரான காரிங்டன் கண்டார். மறுநாள் பம்பாயின் கொலாபா கூடத்தில் காந்த ஊசி வரலாறு காணாத அளவுக்குத் தாழ்ந்தது. பல நாடுகளில் தந்திக் கம்பிகள் செயலிழந்தன. 1989 மார்ச் 13-இல் அத்தகைய புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாநில மின்வலையைச் சாய்த்தது. ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். 2022 பிப்ரவரியில், சூரியப் புயலால் மேல்வளி விரிந்து தடையை மிகுக்க, அப்போதுதான் ஏவப்பட்டிருந்த 49 ஸ்டார்லிங்க் செயற்கைக் கோள்களில் ஏறத்தாழ நாற்பது வீழ்ந்தழிந்தன. 2024 மே மாதம் எழுந்த பெரும் புயலின்போது லடாக்கின் ஹான்லே வானில் செவ்வொளி தெரிந்தது.

நிலநடுக்கோட்டை அண்டிய கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கனடாவுக்கு நேர்ந்த வகையிலான மின்வலைச் சேதம் நேரும் வாய்ப்பு குறைவு. இதை மிகைப்படுத்த வேண்டுவதில்லை. மூலமற்றத்து மின்நிலையத்தை எண்ணி எவரும் அஞ்ச வேண்டா. ஆனால் நம் பகுதி பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் அமைந்ததே இக்காரணத்தால்தான். இங்கே தலைக்குமேலுள்ள அயனி மண்டலம் இயல்பிலேயே கொந்தளிப்பானது. செயற்கைக் கோளிலிருந்து வரும் இட வழிகாட்டிச் செய்திகள் அதனூடே வரும்போது தடுமாறுகின்றன. சூரியனின் சீற்றம் தடுமாற்றத்தை மாற்றியமைக்கிறது. கடலில் மீன்பிடிப்போரும், விமானமும், வங்கியின் நேரக்கணக்கும் செயற்கைக் கோள்களை நம்பியிருக்கும் நாளில் சூரியப் புலத்தின் அடுத்த ஏற்றம் எவ்வளவு வலியது என்று முன்னறிவதற்குப் பணமதிப்பு உண்டு. அந்த முன்னறிவுக்கு அடிப்படை, பல சுற்றுகளை உள்ளடக்கிய நீண்ட பதிவு. ஒரு சுற்று 11 ஆண்டு. பத்துச் சுற்றுகளைக் காண நூற்றுப்பத்து ஆண்டுகள் வேண்டும். இதனை எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் விரைவுபடுத்த இயலாது.

கண்ணாடித் தகடு உடையும், பூஞ்சை பிடிக்கும், மேற்பூச்சு உரியும். மலையின் ஈரக்காற்று அதற்குப் பகை. ஆகவே கொடைக்கானல் தகடுகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, நுண்ணளவில் ஒளிவருடப்பட்டு, கணிப்பொறிப் பதிவுகளாக மாற்றப்பட்டுள்ளன. இப்பணியில் பழைய நேரக் குறிப்புகளையும் சூரியனின் வடதிசைக் குறியையும் ஒத்துப் பார்த்துச் சரிசெய்ய நேர்ந்தது. நூறாண்டுக்கு முன் ஒருவர் அவசரத்தில் குறிக்காமல் விட்ட ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க இன்றைய ஆய்வாளர் நாட்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. வருவாய்த் துறையிலும் நீர்ப்பாசனத் துறையிலும் பழம்பதிவேடுகளைப் புரட்டியவர்க்கு இது புதிய அனுபவமாக இராது.

இப்பதிவுகளை ஆய்வாளர்க்கும் மாணவர்க்கும் இணையத்தின் வழியே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் திறந்து வைத்துள்ளது. மூணாற்றிலோ சிற்றூரிலோ உள்ள கல்லூரி மாணவர் ஒருவர், 1904-க்குப் பிந்திய ஓர் ஆண்டைத் தேர்ந்து, அவ்வாண்டுக் கால்சியப் படங்களை வரிசையாக வைத்து, வெண்திட்டுகள் சூரிய நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை தள்ளி உள்ளன என்று அளக்கலாம். சுற்றுத் தொடங்கும்போது அவை 30 பாகைக்கு அப்பால் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்கோட்டை நோக்கி இறங்கி வரும். வரைபடத்தாளில் குறித்தால் அவ்விறக்கம் வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரிவதைக் காணலாம். அதற்கு வேண்டியவை ஓர் அளவுகோலும் சில வாரப் பொறுமையும். காலி நாட்கள் வரும் இடத்தில், அன்று மலைமேல் மழை பெய்தது என்று கொள்ளலாம்.